முதியோருக்கான தொழில்: ஆளை அனுப்புவதா, கட்டிலை அனுப்புவதா?

அக்கா மகன் சென்னை வேலையை விட்டுவிட்டு, கையில் 15 லட்சத்தோடு திருச்சி திருவானைக்காவலுக்கு வந்து சேர்ந்தான். "மாமா, இனிமே வயசானவங்களுக்கான பிசினஸ்தான். அம்மாச்சிய ரெண்டு வருஷம் கூடவே இருந்து பாத்தது நீங்க. எதுல இறங்கலாம்னு சொல்லுங்க" என்றான். லேப்டாப்பில் ஆறு யோசனைகள் வைத்திருந்தான்: ஹோம் நர்சிங் ஏஜென்சி, வீட்டுக்குச் சாப்பாடு, பகல்நேரக் காப்பகம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் துணை, மருத்துவக் கட்டில் வாடகை, ஒரு செயலி. முதல் பக்கத்தில் புள்ளிவிவரம். தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்கு.

"வயசானவங்க எத்தனை பேர்ங்கிறது இருக்கட்டும் மாப்ள. காசு எடுத்துக் குடுக்கப் போறது யாரு?" என்று கேட்டேன். அப்புறம் நாலு ஞாயிற்றுக்கிழமை இதையே பேசினோம்.

காசு யார் கையில்

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பொன்மலைப் பணிமனையில் இருந்து ஓய்வுபெற்ற ரயில்வேக்காரருக்குப் பழைய பென்ஷன் வருகிறது, ரயில்வே ஆஸ்பத்திரியும் இருக்கிறது. நாலு வீடு தள்ளி, தனியார் கம்பெனியில் 30 வருடம் உழைத்தவருக்கு வருவது பி.எஃப். பென்ஷன். அதன் குறைந்தபட்சத் தொகை என்று 2014இல் வைத்தது 1,000 ரூபாய். இன்னொருவருக்கு அரசின் முதியோர் உதவித்தொகை மட்டும்; அது 2023இல் 1,200 ஆனது. மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள்தான். ஆனால் மாதம் 3,000 ரூபாய்க்கு எதையாவது விற்க முடிகிற வீடு, இதில் முதல் வீடு மட்டும். அல்லது பிள்ளை சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ இருந்து பணம் அனுப்புகிற வீடு. 18.2 சதவீதத்தில் பெரும்பகுதி இந்தத் தொழிலின் கைக்கு எட்டாது. அது அரசு பார்க்க வேண்டிய பகுதி.

இன்னொரு கணக்கு. 70 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபரில் வந்தது. நல்ல விஷயம். ஆனால் அது, பெரும்பாலான தனியார் காப்பீட்டைப் போலவே, ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான். வீட்டுக்கு வந்த பிறகு கட்டில், ஆள், டயப்பர் எல்லாம் நம் கையில் இருந்து.

ஜப்பானைப் பார்த்து தொழில் யோசிப்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. 40 வயதானதும் எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள். பராமரிப்பு தேவைப்படும்போது செலவில் 10 முதல் 30 சதவீதம் கட்டினால் போதும். கட்டில் வாடகை அதில் அடக்கம். வீட்டில் கைப்பிடி பொருத்த 2 லட்சம் யென் வரை கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஓடுகிற கம்பெனிகளின் பின்னால் நிற்பது அந்தக் காப்பீட்டுப் பணம். இங்கே ஒவ்வொரு ரூபாயும் பிள்ளையின் மாதச் சம்பளத்தில் இருந்து, வீட்டுக்கடன் தவணைக்கு அப்புறம் வர வேண்டும்.

தாளில் ஜெயிப்பது: ஆள் அனுப்பும் ஏஜென்சி

அவனுடைய முதல் விருப்பம் இதுதான். கணக்கும் அதன் பக்கம்தான் நிற்கிறது. 24 மணி நேரமும் வீட்டிலேயே தங்கும் ஆளுக்கு, குடும்பம் மாதம் 24,000 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 20,000 போனால் ஏஜென்சிக்கு 4,000. முப்பது வீட்டுக்கு அனுப்பினால் மாதம் 1,20,000. முதலீடு ஒரு அறை, இரண்டு போன். தேவையோ கேட்கவே வேண்டாம். எலும்பு முறிவு வார்டு வாசலில் நின்றாலே நாலு பேர் நம்பர் கேட்பார்கள்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தபோது நானும் அப்படித்தான் நம்பர் வாங்கினேன். நாற்பது நாளில் மூன்று பேர் மாறினார்கள். முதலில் வந்த பெண் நல்லவர். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கும் விதத்திலேயே தெரிந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டாவது ஆள் ஐந்து நாள். அம்மா அவரை எதற்கெடுத்தாலும் சந்தேகப்பட்டார், வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணோம் என்றார். அது பீரோவுக்கு அடியில் கிடைத்தது. அதற்குள் அந்தப் பெண் அழுதுகொண்டே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்றாவது ஆளை வைத்துத்தான் சமாளித்தோம். ஆறாவது மாதம் ஏஜென்சியை விட்டுவிட்டு, அவரோடு நேரடியாகப் பேசி முடித்துக்கொண்டேன். ஊரில் பாதிப் பேர் செய்வது இதைத்தான்.

இந்தக் கதையை ஏஜென்சிக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். முப்பது வீட்டுக்கு ஆள் நிற்க வேண்டும் என்றால் கையில் நாற்பத்தைந்து பேராவது வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனால் அன்று மாலைக்குள் மாற்று ஆள், இல்லாவிட்டால் அந்த மாதக் கமிஷன் பாதி. நகை காணோம் என்று போன் வந்தால் போலீஸ் ஸ்டேஷன் வரை இவன் போக வேண்டும். நன்றாக வேலை செய்கிற ஆளை ஆறு மாதத்தில் குடும்பமே பிரித்து எடுத்துக்கொள்ளும். நல்ல ஆள் கிடைக்கக் கிடைக்க நஷ்டமாகும் தொழில் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

பெரிய நகரங்களில் நிறுவனங்கள் இதைப் பயிற்சி, தங்குமிடம், மாதச் சம்பளம் என்று முறைப்படுத்திச் செய்கின்றன. அதற்குப் பின்னால் பொறுமையான முதலீடு இருக்கிறது. 15 லட்சத்தில் முடிகிற காரியம் இல்லை.

"அப்ப இதை விட்டுடணுமா மாமா?" என்றான்.

"விட வேண்டாம். முதல்ல வேண்டாம்."

சாப்பாடு, காப்பகம், செயலி

சாப்பாட்டைச் சுருக்கமாகவே பேசினோம். ஐம்பது பேருக்கு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 80 ரூபாய் என்றால் மாதம் 2,40,000 வரவு. மளிகை, காய்கறிக்குப் பாதி போய்விடும். சமையலுக்கு இரண்டு பேர் 40,000, கேரியர் கொண்டுபோக இரண்டு பேர் 30,000, கேஸும் வாடகையும் மற்றதும் 30,000. மிச்சம் 20,000. அதற்கு வருடம் 365 நாளும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஒவ்வொரு வீதியிலும் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கும் மாமிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகையும் இல்லை, ஆள் சம்பளமும் இல்லை. வத்தக்குழம்பில் அவர்களோடு போட்டிபோட்டு ஜெயிக்க முடியுமா? ஒருவருக்கு உப்பு ஆகாது, ஒருவருக்குப் பல் இல்லை, ஒருவருக்கு ஏகாதசி. ஐம்பது பேர் என்றால் ஐம்பது சமையல்.

பகல்நேரக் காப்பகம் எனக்குப் பிடித்த யோசனை. அதனாலேயே கொஞ்சம் கவனமாகப் பார்த்தேன். காலை கொண்டுவந்து விட்டு மாலை கூட்டிப்போகிற இடம். பேச்சுத்துணை, பத்திரிகை, பிசியோதெரபி. இரண்டு சிக்கல். ஒன்று, வண்டி. மூட்டுவலிக்காரரை மாடியில் இருந்து இறக்கி வேனில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும். அதுவே பாதிச் செலவு. இன்னொன்று, வாய். "புள்ள ஹோம்ல விட்டுட்டான்" என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை வந்தால் போதும், மறுநாள் அவர் வரமாட்டார். போதாததற்கு 2025-26 பட்ஜெட்டில் 10 கோடி ரூபாயில் 25 அன்புச்சோலை மையங்களை அரசே அறிவித்தது. திருச்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. அரசு அதை நடத்தட்டும். பக்கத்துக் கடையாகக் காசு வாங்கிக்கொண்டு நாம் நடத்த முடியாது.

மருந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று இடையில் ஒரு யோசனை சொன்னான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் இருந்து மாத்திரையை வாசலிலேயே கொடுக்கிறது. வயதானவர்களுக்கு ரேஷன் அரிசியும் 2025 ஆகஸ்டில் இருந்து தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறது. இலவசமாக நன்றாக நடப்பதன் பக்கத்தில் கடை போடக் கூடாது.

செயலிக்கு ஐந்து நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. ஆபத்தில் பொத்தானை அமுக்கினால் பிள்ளைக்குத் தகவல் போகுமாம். போகட்டும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு யாரை அனுப்புவார்? பொத்தானை அமுக்கியதும் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைத்துவிட்டால் பொத்தான் எதற்கு, போன் போதும். புதுமையான முதியோர் தயாரிப்புகளுக்கு 1 கோடி வரை பங்கு முதலீடு தருவதாக மத்திய அரசின் சேஜ் திட்டம் 2021இல் வந்தது. உண்மையிலேயே ஒரு கருவியைக் கண்டுபிடித்தவர்கள் அங்கே போகலாம். இவன் கண்டுபிடித்தது ஒரு லோகோ.

முதியோர் குடியிருப்பா? கோயம்புத்தூர்க்காரர்கள் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். நிலம் வாங்கவே பல கோடி. அடுத்து.

டிஸ்சார்ஜ் நாள் சாயங்காலம்

கட்டில் வாடகையை அவன் பட்டியலில் கடைசிக்கு முந்தியதாக வைத்திருந்தான். "இது டென்ட் ஹவுஸ் மாதிரி இருக்கு மாமா" என்றான். பாதி உண்மைதான். ஆனால் இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் பிறக்கிற நேரம் எனக்குத் தெரியும்.

அம்மாவை டிஸ்சார்ஜ் செய்கிறோம் என்று தில்லைநகர் ஆஸ்பத்திரியில் காலை ரவுண்ட்ஸில் சொன்னார்கள். இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்து பில் முடியும்போது மாலை ஐந்தரை. அதற்குள் நர்ஸ் வந்து, தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் வேண்டும், படுக்கைப்புண் வராமல் ஆல்ஃபா பெட் என்கிற காற்று மெத்தை வேண்டும், கமோடு நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆம்புலன்ஸ் வாசலில். வீட்டில் இருப்பதோ தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில். காவிரிப் பாலத்து நெரிசலில் நின்றுகொண்டே ஆறு நம்பருக்குப் போன் போட்டேன். ஒருவர் மட்டும் எடுத்தார். ராத்திரி எட்டரைக்கு இரண்டு பையன்கள் கட்டிலைப் பிரித்து, தலையில் வைத்து, லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடிக்கு ஏற்றி மாட்டினார்கள். கால்பக்கம் இருக்க வேண்டிய சுழற்றும் கைப்பிடியைக் காணோம். முதல் பத்து நாள் அம்மாவின் தலைப்பக்கத்தை ஸ்பேனர் போட்டுத்தான் உயர்த்தினேன். ஆனாலும் அந்தக் கடைக்காரரின் நம்பர் இன்றைக்கும் என் போனில் இருக்கிறது. அப்புறம் ஆக்சிஜன் மெஷின், வாக்கர், டயப்பர் எல்லாமே அவரிடம்தான். ஆள் வேண்டும் என்றபோதும் முதலில் அவரைத்தான் கேட்டேன்.

சரி, இதன் கணக்கு. இருபது கட்டில், ஆறு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், பதினைந்து சக்கர நாற்காலி, கமோடு, வாக்கர், பழைய டாடா ஏஸ், குடோன் அட்வான்ஸ் எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம் சொச்சம் என்று போட்டோம். எல்லாமும் எப்போதும் வெளியே இருக்காது. பன்னிரண்டு கட்டில் 1,500 வீதம் 18,000. நாலு மெஷின் 4,500 வீதம் 18,000. ஒன்பது நாற்காலி 600 வீதம் 5,400. சில்லறை 4,000. மொத்தம் 45,400. குடோன், ஒரு பையன், டீசல் என்று 31,000 போனால் மிச்சம் 14,400.

அவன் முகம் விழுந்துவிட்டது. ஏஜென்சியில் 1,20,000, இதில் 14,400.

அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, வாடகை மட்டும் வருமானமில்லை. ஆல்ஃபா பெட், முகமூடி போன்றவற்றை ஒருவர் உபயோகித்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, புதிதாக விற்க வேண்டியவை. டயப்பர் மாதாமாதம் வேண்டும். அதைக் கடையில் வாங்கிக் கையில் தூக்கிவரப் பலருக்குக் கூச்சம். செய்தித்தாளில் சுற்றி வாசலில் கொடுப்பவரை விடமாட்டார்கள். இரண்டாவது, கட்டில் தீபாவளிக்கு ஊருக்குப் போகாது. கெட்டால் சரிசெய்யலாம். குடும்பம் அதைத் தனியாகப் பேசி முடித்துக்கொள்ளாது. ராத்திரி பிரச்சினை என்றாலும் அது ஒரு போல்ட்டின் பிரச்சினையாக இருக்கும்.

குறைகளும் உண்டு. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் பல ஊர்களில் சக்கர நாற்காலியை இலவசமாகவே தருகின்றன. அதனால் நாற்காலியில் பணம் போடாதே என்றேன். கான்சன்ட்ரேட்டரைப் பழையதாக வாங்கினால் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற மீட்டரைப் பார்க்க வேண்டும்; கொரோனா இரண்டாம் அலையில் வாங்கி மூலையில் போட்டுவைத்தவையும் விற்பனைக்கு வருகின்றன. நல்ல மெஷினில் ஆக்சிஜன் 93 சதவீதத்தை ஒட்டி வரும். அளக்கும் கருவி ஒன்று கையில் இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்குவது பாவம். வைகுண்ட ஏகாதசி நாட்களில் ஸ்ரீரங்கத்துக்குள் வண்டி நுழையாது என்பதையும் குறித்துக்கொண்டான்.

அப்புறம் யாரும் சொல்லித்தராத ஒன்று. பாதிக் கட்டில் குணமாகித் திரும்பும். மீதி எப்படித் திரும்பும் என்று தெரியும்தானே. அம்மா போன மறுநாள் என்னால் அந்தக் கட்டிலைப் பார்க்க முடியவில்லை, உடனே எடுக்கச் சொன்னேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் காரியம் முடியும்வரை யாரும் அதைத் தொடவே இல்லை. அந்த நாட்களுக்கு வாடகை கேட்கக் கூடாது. டெபாசிட்டைக் கவரில் போட்டு, ஒட்டிக் கொடுக்க வேண்டும். எண்ணிக் கொடுக்கக் கூடாது.

குளியலறையும் துணையும்

பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்த்தேன்: குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இந்தியன் கழிப்பறையை வெஸ்டர்னாக மாற்றுவது. அம்மா விழுந்தது அங்கேதான். இதற்குக் குடோன் வேண்டாம். ஒரு கொத்தனார், ஒரு பிளம்பர், ஒரு டிரில் மெஷின். ஒரு வீட்டுக்கு மூவாயிரம், நாலாயிரம் நிற்கும். ஒருமுறை வேலை, மாத வருமானமில்லை என்பது குறை.

விற்பது எப்படி என்பதை எதிர்வீட்டுக்காரர், ரிடையர்ட் ரயில்வே கார்டு, சொல்லிக்கொடுத்தார். 79 வயது. கைப்பிடி வைக்கலாமா சார் என்றதும், "நான் என்ன கிழவனா?" என்று எழுந்துவிட்டார். பெங்களூரில் இருக்கும் மகளிடம் பேசி, குழாய் ரிப்பேர் என்று சொல்லி உள்ளே போனோம். துண்டு போடும் கம்பி மாதிரி ஒன்று வைத்தோம். அதற்கு முன்னால் அவரை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லி, கை தானாகப் போய்த் தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டோம். ஆன்லைனில் விற்கும் உறிஞ்சி ஒட்டும் கைப்பிடிகளை மட்டும் கிட்டே சேர்க்கக் கூடாது. ஆள் முழு எடையையும் போடுகிற நொடியில்தான் அது கழன்று வரும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் துணை என்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பேங்க் வேலை, வாரம் இரண்டு முறை எட்டிப்பார்ப்பது. நாற்பது குடும்பம், மாதம் 3,000 என்றால் 1,20,000. மூன்று பேர் சம்பளமும் பெட்ரோலும் 70,000. மிச்சம் 50,000. கேட்க நன்றாக இருக்கிறது. நாற்பது குடும்பம் சேர இரண்டு வருடம் ஆகும் என்பதைத்தான் பட்டியல் சொல்லவில்லை. வயதானவர் தனியாக இருக்கிற வீட்டின் சாவியை விளம்பரம் பார்த்து யார் கொடுப்பார்? ராத்திரி எட்டரைக்குக் கட்டில் கொண்டுவந்தவனிடம் கொடுக்கலாம்.

அதனால் என் வரிசை இப்படி: இந்த வருடம் கட்டிலும் குளியலறையும். பத்து லட்சத்துக்கு மேல் போடாதே, மீதியில் ஒரு வருடம் சாப்பிடு. அதில் அறிமுகமான வீடுகளில் இருந்து அடுத்த வருடம் துணை. ஆள் அனுப்புவது அதற்கும் பிறகு, உனக்கே தெரிந்த பத்துப் பேரோடு, அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து. மேலே இருக்கும் தொகையெல்லாம் எங்கள் பக்கத்து நிலவரத்தை வைத்துக் கைக்கணக்காகப் போட்டது. மதுரைக்காரர் மதுரையில் விசாரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு இதில் சம்மதமில்லை. "இன்ஜினியரிங் படிச்சவன் கட்டில் தூக்குறானா" என்று என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை. அவன் முதலில் எட்டுக் கட்டில் வாங்கினான். போன வாரம் குடோனுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு கட்டிலின் கைப்பிடியையும் சைக்கிள் சங்கிலி போட்டுக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தான்.